கடைசி நாட்டு முத்திரை

ஆகஸ்ட் 2, 1964, ஞாயிறு

வெயில். ஆடி முடியப் போகிறது, நல்ல மழை ஒன்று இல்லை. மல்லாட்டைச் செடி சுருண்டு கிடக்கிறது, கடலை பிடிக்காது. நைனாவுக்கு இந்த வாரமும் கூலி வேலை இல்லை.

காலையில் பூசை. கிராதிக்குப் பின்னால், எங்கள் இடத்தில். முன்னால் ஊர்த்தெருக் கிறிஸ்தவர்கள், பின்னால் சேரிக் கிறிஸ்தவர்கள், நடுவில் மரக் கிராதி. எந்தத் தச்சன் செய்தானோ, உறுதியான வேலை. எனக்குப் பெயர் கொடுத்த சூசையப்பரும் தச்சர்தான்.

மத்தியானம் செஞ்சி, பட்டறை. ஜெர்மன்காரர் வெர்னருடைய வேனின் கியர்பெட்டியை மூடினேன். இரண்டு பல் சக்கரம் திண்டிவனத்தில் கடைந்தது. ஓடுகிறது. பட்டறை முதலாளி பாய் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்னாடா, இந்த வண்டியில ஜெர்மனி வரைக்கும் பூடலாம் போலருக்குதே" என்றார்.

போகத்தான் போகிறேன் என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

வெர்னர் அங்கே பள்ளி ஆசிரியர். நாடு நாடாகத் தரைவழியே வந்தவர். கூட வந்த நண்பனுக்கு மஞ்சள் காமாலை, விமானம் ஏறிவிட்டான். திரும்பும் வழிக்கு ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த ஆள் வேண்டும். என்னை வரச் சொல்கிறார். அவருடைய மைத்துனரிடம் பட்டறை இருக்கிறது, வேலை உண்டு. ஆகஸ்ட் முடிவதற்குள் இங்கிருந்து கிளம்ப வேண்டும். தள்ளிப்போனால் துருக்கி மலையில் பனி விழுந்து பாதை மூடும்.

பாஸ்போர்ட் என்னிடம் இருக்கிறது. போன வருஷம் சிங்கப்பூருக்கென்று எடுத்தது. பாய்தான் ஜாமீன் நின்றார். சிங்கப்பூர் நடக்கவில்லை. பெட்டியில் அது சும்மா கிடப்பதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். இனி வராது.

ஆகஸ்ட் 5, புதன்

மெட்ராஸ் போய்த் திரும்பினேன். கால் வீக்கம்.

போக வேண்டிய வரிசை: பாகிஸ்தான், இரான், துருக்கி, பல்கேரியா, யூகோஸ்லாவியா, ஆஸ்திரியா, ஜெர்மனி.

விசா வாங்க வேண்டிய வரிசை: ஜெர்மனி, ஆஸ்திரியா, யூகோஸ்லாவியா, பல்கேரியா, துருக்கி, இரான், பாகிஸ்தான்.

தலைகீழ். ஒவ்வொரு நாட்டுக்காரனும் கேட்பது ஒன்றுதான்: என் நாட்டில் தங்கிவிட மாட்டாயே? அடுத்த நாட்டு முத்திரையைக் காட்டு, கடந்து போக விடுகிறேன். அடுத்தவன் அதற்கு அடுத்ததைக் கேட்பான். ஆகவே கடைசி நாட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஜெர்மனி முத்திரை விழுந்தால் மற்றதெல்லாம் வழியில் டில்லியில் வாங்கலாம் என்கிறார் வெர்னர். அது விழாவிட்டால் எதுவும் விழாது.

சீக்கிரம் வாங்கி வைப்பதிலும் ஆபத்து. தேதி போட்டுத் தருகிறார்கள். வழியில் ஒரு அச்சு முறிந்தால் பின்னால் இருக்கும் முத்திரையெல்லாம் காலாவதி.

வேனுக்கும் ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது. தனிப் புத்தகம். எல்லைக்கு எல்லை ஒரு தாளைக் கிழிப்பார்களாம். என்ஜின் நம்பர், நிறம், எத்தனை சக்கரம். நம்பர் சரியாக இருந்தால் விட்டுவிடுவார்கள். தகப்பன் யார், எந்தத் தெரு என்றெல்லாம் வண்டியைக் கேட்பதில்லை.

அம்மை ஊசி, காலரா ஊசி போட வேண்டும். போட்டதற்கு மஞ்சள் அட்டை வாங்க வேண்டும். மறக்கக் கூடாது.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஊசி போட்ட கை கனக்கிறது. கொஞ்சம் ஜுரம்.

வெர்னரின் ஊர்க் கோயிலிலிருந்து ஜாமீன் கடிதம் வந்துவிட்டது. எனக்கு அங்கே இடம், சாப்பாடு, வேலை, திரும்பி அனுப்பும் பொறுப்பு எல்லாம் பங்கு மக்களுடையது என்று. "கத்தோலிக்க இளைஞர் சூசை" என்று பெயர். எங்கள் சாமியார் தந்து வெர்னர் போன மாதமே அனுப்பிய ஞானஸ்நானச் சான்றைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நல்லவர்கள்.

பாஸ்போர்ட்டில் என் பெயர் குப்பன். பள்ளிக்கூடச் சான்றிலும் குப்பன். மதம் இந்து.

வெர்னர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏன் இரண்டு பெயர் என்று கேட்டார். சொன்னேன். எங்கள் தெருவில் எல்லாருக்கும் இரண்டு. கோயிலில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. கிறிஸ்தவன் என்று எழுதினால் ஹரிஜன் கணக்கில் வர முடியாது. விடுதி கிடையாது, சோறு கிடையாது, படிப்பு அதோடு சரி. கிறிஸ்தவ வேதத்துக்குப் போனதும் சாதி போய்விட்டது என்று சர்க்கார் நம்புகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தக் கிராதியைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்கிறார் வெர்னர். அவர் ஊரில் உண்மைக்கு என்ன விலையோ தெரியவில்லை.

விசாரிக்க சர்க்கார் ஆள் வந்தால் எங்கள் தெரு என்ன செய்யும் என்பதையும் சொன்னேன். ஏரிக்கரையில் சைக்கிள் தலை தெரிந்ததும் சவேரி மாமா கத்துவார்: "மாடு அவுத்துக்கிச்சு!" அவ்வளவுதான். வாசல் சிலுவைகள் அரிசிப் பானைக்குள். ஜபமாலை கூரைச் செருகலில். அடுப்புச் சாம்பல் நெற்றியில். எங்கள் வீட்டுப் படத்துக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி. ஒரு பக்கம் மாதா, ஒரு பக்கம் முருகன். அம்மா ஆணியிலிருந்து எடுத்துத் திருப்பி மாட்டுவாள். அவ்வளவு வேகமாக அவள் வேறெதையும் செய்து நான் பார்த்ததில்லை.

வெர்னர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

ஆகஸ்ட் 12, புதன்

மறுபடி மெட்ராஸ், ஜெர்மன் விசா ஆபீஸ். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக்காரர் மரியாதையாகத்தான் பேசினார்.

"குப்பனும் சூசையும் ஒரே ஆள்னு யார் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

"நீங்க சொன்னா போதாதே தம்பி."

சாமியார் எழுதித் தந்தாலும் போதாதாம். தாசில்தார் முத்திரை வேண்டும். குப்பன் என்கிற சூசை, கிறிஸ்தவன், இருவரும் ஒருவரே என்று. அது வந்தால் அன்றைக்கே விசா. வேறு தடை இல்லை.

திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பக்கத்தில் இரண்டு பேர் அரிசி விலை பேசிக்கொண்டு வந்தார்கள். ஒன்றும் காதில் ஏறவில்லை.

பிரச்சினை என்னோடு முடிவதில்லை. மேரி இருக்கிறாள். என் தங்கை. திண்டிவனத்தில் ஹரிஜன மாணவியர் விடுதியில் அஞ்சலை என்ற பெயரில் இருக்கிறாள். எஸ்.எஸ்.எல்.சி. இந்த வருஷம். எங்கள் தெருவில் அவ்வளவு தூரம் போன முதல் பெண். டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்று இருக்கிறாள்.

ஆகஸ்ட் 13, வியாழன்

தாலுகா ஆபீஸ். குமாஸ்தாவிடம் கேட்டேன், என் ஒருவனுக்கு மட்டும் கிறிஸ்தவன் என்று எழுத முடியுமா என்று.

"ஒரே வூட்ல அண்ணன்காரன் கிறிஸ்தவன், தங்கச்சி இந்துவா? இன்னா கத வுடற?"

மனு போட்டால் ஆர்.ஐ., ரெவின்யூ இன்ஸ்பெக்டர், நேரில் வந்து அக்கம்பக்கம் விசாரிப்பார். எழுதும் முடிவின் நகல் விடுதி நடத்தும் ஹரிஜன நலத்துறைக்கும் போகும். அது வழக்கம் என்றார். சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்ப எழுந்து போனார். தப்பாக ஒன்றும் பேசவில்லை அவர். அவர் தப்பாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 15, சனி

சுதந்திர தினம், மாதா திருநாள் இரண்டும். மேரி நேற்றே வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கொடி, ஆரஞ்சு மிட்டாய். சாயங்காலம் தேர்.

தேர் ஊர்த்தெரு நாலும் சுற்றி, எங்கள் தெரு முனையில் கொஞ்சம் நின்று, திரும்பிப் போகும். உள்ளே வராது. பாதை குறுகலாம். கரும்பு வண்டி வருகிற பாதை. நாங்கள் முனையில் நின்று உப்பும் மிளகும் போட்டோம்.

மேரி என் காதில் சொன்னாள்: "பாரு, மாதாவுக்கே நம்ம தெருவுக்கு விசா கெடைக்கல."

சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா எங்கள் இருவர் முதுகிலும் ஒன்று வைத்தாள்.

மேரியிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

மேரியைப் பஸ் ஏற்ற செஞ்சி வந்தேன். பஸ் வரவில்லை. மலைக்கோட்டை மேல் மேகம் கட்டிக்கொண்டு நின்றது. பெய்யவில்லை. சொன்னேன். எல்லாவற்றையும், ஒளிக்காமல்.

அவள் பையிலிருந்த அவித்த மல்லாட்டையை உரித்துக்கொண்டே கேட்டாள். உரித்ததைத் தின்னவில்லை.

"எப்பக் கௌம்பணும்?"

"மாசக் கடைசி."

"எனக்கு மார்ச்ல பரீச்ச. அதுவரைக்கும் தள்ளக் கூடாதா?"

"வண்டி நிக்காதுடி. பனி வந்துரும்."

"ஓ."

உரித்த தோலையெல்லாம் கூட்டிப் பைக்குள் போட்டாள்.

"அண்ணா, உனக்கு ஏழு முத்திர வேணும். எனக்கு இருக்கறது ஒண்ணு. அதுவும் பொய் முத்திர. அதப் புடுங்கிக்கினு போறியா?"

அங்கே சம்பாதித்து உன்னைத் தனியாக வைத்துப் படிக்க வைக்கிறேன் என்றேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. பாதி வருஷத்தில் விடுதியை விட்ட பெண்ணை மல்லாட்டை பிடுங்க அனுப்புவார்கள். பிறகு கல்யாணம். எங்கள் தெருச் சிறியபுஷ்பத்துக்கு அப்படித்தான் நடந்தது, இரண்டு பேரும் பார்த்தோம்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பஸ் வந்ததும் ஏறி, ஜன்னல் வழியே, "எழுதிக் குடுக்கறதுன்னா எழுதிக் குடு. நான் சரின்னு சொல்லுவேன்னு மட்டும் நிக்காத" என்றாள்.

ஆகஸ்ட் 17, திங்கள்

தூங்கவில்லை. பாயிடம் சொன்னேன், போகிறேன் என்று. கோபப்படுவார் என்று நினைத்தேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "போடா. இங்க இருந்து இன்னாத்தக் கண்ட?" என்றார்.

இருபத்துமூன்று வயது. பட்டறைக்கு வெளியே நான் கையை வைத்த இடமெல்லாம் யாரோ துடைத்திருக்கிறார்கள். டீக்கடையில் இன்னும் எனக்குத் தகரக் குவளை. நான் பழுது பார்த்த காரில் என்னை ஏற்ற மாட்டார்கள். வெர்னர் தான் கடித்த ரொட்டியின் மறுபாதியை யோசிக்காமல் நீட்டுகிறார். அந்தக் கையைப் பார்த்துவிட்டு இங்கே எப்படி இருப்பது?

தியாகம் செய்யப் பிறந்தவன் இல்லை நான். யாரும் அப்படி எதிர்பார்க்க வேண்டாம்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

மனு கொடுத்துவிட்டேன். சத்தியப் பிரமாணம், கையெழுத்து, கட்டைவிரல் ரேகையும் கேட்டார்கள். படித்தவனுக்கு எதற்கு ரேகை என்று கேட்டேன். வைடா என்றார்கள். வைத்தேன்.

தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. நைனாவிடமும் இல்லை. ஆர்.ஐ. வர பத்துப் பதினைந்து நாளாவது ஆகும் என்று குமாஸ்தா சொன்னார். சீக்கிரம் வரச் சொல்லி வெர்னரைக் கூட்டிப்போய்த் தாசில்தாரைப் பார்த்தேன். வெள்ளைக்காரரைக் கண்டதும் நாற்காலி வந்தது. ஒரு நாற்காலி.

ஆர்.ஐ. வருவதற்குள் ஒரு நாள் சவேரி மாமாவிடமாவது சொல்ல வேண்டும். இந்தத் தடவை கத்தாதே என்று. எப்படிச் சொல்வது? உன் பேரன்கள் மூன்று பேர் விடுதியில் சாப்பிடுகிறார்கள், பரவாயில்லை, நான் ஜெர்மனி போகிறேன் என்றா? மேரி ஒருத்தி மட்டும் இல்லை என்பது மனு கொடுத்த பிறகுதான் உறைக்கிறது. ஒரு வீட்டைத் தோண்டினால் தெருவையே தோண்டுவார்கள்.

நாளைக்குச் சொல்லலாம்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

சொல்லவில்லை.

விடுதியில் இரண்டு பெண்களுக்கு அம்மை போட்டிருக்கிறதாம். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மேரி புத்தக மூட்டையோடு வந்து இறங்கினாள். என்னிடம் பேசுகிறாள், ஆனால் சாப்பிடு, தள்ளு, விளக்கை எடு என்ற அளவில்.

வெர்னர் மண்டகப்பட்டுக் குடைவரையைப் பார்த்துவிட்டு வந்தார். படம் எடுத்தாராம். டயர் ஒன்று தேய்ந்திருக்கிறது. மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 22, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஏரிக்கரையில் எனக்கு முன்னால் இரண்டு சைக்கிள். ஒன்று தலையாரி. மற்றது தொப்பி வைத்த ஆள். புரிவதற்குள் தெருவிலிருந்து சவேரி மாமா குரல்: "ஏ, மாடு அவுத்துக்கிச்சு! மாடு அவுத்துக்கிச்சு!"

ஓடினேன். வேண்டாம் என்று கத்தத்தான் ஓடினேன். நான் தெருவில் நுழைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு வாசலிலும் சிலுவை இல்லை. எல்லா நெற்றியிலும் சாம்பல். சவேரி மாமா அவசரத்தில் தணலோடு அள்ளியிருக்கிறார், நெற்றி சிவந்து கிடந்தது. எங்கள் வீட்டுக்குள் முருகன் தொங்கினார்.

ஆர்.ஐ. சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றார். காகிதத்தைப் பார்த்துப் படித்தார்.

"சூசைன்றவன் வூடு எது?"

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லிங்க சாமி" என்றார் சவேரி மாமா.

"கிறிஸ்தவன். மனு போட்டுக்கீறான்."

"இது இந்துத் தெருங்க. மாரியாத்தா தெரு." கும்பிட்டார். அவருடைய ஞானஸ்நானப் பெயர் சவேரிமுத்து.

நைனா எங்கள் வாசலில் நின்றார். ஒன்றும் தெரியாது அவருக்கு. யாரோ எங்கள் பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்க மனு போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருக்கிறார். "எந்த எடுபட்ட பையன் சாமி போட்டான் அந்த மனுவ?" என்று கேட்டார்.

மேரி கதவில் சாய்ந்து நின்றாள். அவள் நெற்றியிலும் சாம்பல். அவளுக்குத் தெரியும், எங்கள் தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆர்.ஐ. அவளைப் பார்த்து, "நீ படிக்கிற பொண்ணாட்டம் இருக்குது. சூசைன்னு யார்னா உண்டா?" என்றார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒரு அண்ணன் இருக்குதுங்க. அது வந்து நிக்குது. அதக் கேளுங்க" என்றாள்.

பொய் சொல்லவில்லை. என்னிடம் தள்ளிவிட்டாள்.

ஆர்.ஐ. திரும்பினார். தெரு முழுக்கத் திரும்பியது.

"நீ யாரு?"

"குப்பன் சார்."

"இதுல குப்பன் என்கிற சூசைன்னு இருக்குது."

நைனா முகம் மாறியதைப் பார்த்தேன். அதற்குமேல் யாரையும் பார்க்கவில்லை.

"குப்பன் நான்தான். சூசைன்றது யாரோ சேத்து எழுதினது."

"கையெழுத்து?"

"என்னுதுதான்."

"சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டுட்டு இன்னாடா பேசற?"

"படிக்காம போட்டுட்டேன் சார்."

"எதுவரைக்கும் படிச்சிருக்கற?"

"எஸ்.எஸ்.எல்.சி."

அவர் சிரித்தார். "எஸ்.எஸ்.எல்.சி. படிச்சிட்டு, படிக்காம கையெழுத்துப் போட்டான்யா இவன்" என்று தலையாரியிடம் சொன்னார். தலையாரி என்னைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவர். எங்கள் கோயில் மணியடிக்கிறவரும் அவர்தான். தலையைச் சொறிந்தார். "சின்னப் பையனுங்க சாமி, யாரோ ஏமாத்திட்டாங்க" என்றார்.

மனுதாரர் இந்து, மனு பொய் என்று தலையாரியின் சைக்கிள் சீட்டில் வைத்தே எழுதினார். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். "இதையாவது படிச்சிட்டுப் போடு."

படித்தேன். போட்டேன்.

அவர்கள் ஏரிக்கரை தாண்டும்வரை தெரு அப்படியே நின்றது. பிறகு சிலுவைகள் பானையிலிருந்து வெளியே வந்தன. நைனா என் பக்கத்தில் வந்து, அடிக்கத்தான் வந்தார், அடிக்கவில்லை. உள்ளே போய்விட்டார். அம்மா ஆணியிலிருந்து படத்தை எடுத்தாள், திருப்பாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டாள்: "சாப்டியா?"

"இல்ல."

சோறு போட்டாள்.

ஆகஸ்ட் 27, வியாழன்

வெர்னர் கிளம்பிவிட்டார். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரப் பையன் கிடைத்திருக்கிறான், கூடப் போக. வண்டி ஓட்டத் தெரியும், பழுது பார்க்கத் தெரியாது. அவனுக்குப் பாதி நாடுகளில் விசாவே வேண்டாமாம்.

இரண்டாவது கியரில் அதிகம் இழுக்காதே, எண்ணெய் இப்படிப் பார், இந்த நட்டு தளரும் என்று எல்லாம் அந்தப் பையனுக்குக் காட்டினேன். கவனித்தான். மோசமான பையன் இல்லை.

வெர்னர் கையைப் பிடித்துக்கொண்டு, நீ உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்றார் மறுபடியும். சொன்னேனே, மனுவில் எழுதினேனே என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நான் விளக்கவும் இல்லை.

வேன் திருவண்ணாமலை ரோட்டில் திரும்பும்போது சத்தம் கேட்டேன். கியர் சுத்தமாக விழுந்தது.

பாய்: "அனந்தபுரம் பஸ் கிளட்ச் போயி நிக்குது. பாக்கறியா, இல்ல ஜெர்மனிக்குப் போறியா?" சிரிக்கச் சொல்லித்தான் கேட்டார். கிளட்சைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

மழை. கடைசியில். மேரி விடுதிக்குத் திரும்பிவிட்டாள், அஞ்சலையாக.

பூசைக்கு முன் சாமியார் கூப்பிட்டனுப்பினார். செய்தி போயிருக்கிறது. கிறிஸ்தவன் இல்லை என்று சர்க்கார் ஆளிடம் கையெழுத்துப் போட்டாயாமே, இராயப்பர் ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த மாதிரி, என்று கேட்டார். முகத்தில் உண்மையான வருத்தம்.

"அவரு மூணு தடவ சாமி. நான் ஒரு தடவதான்" என்றேன்.

வெளியே போ என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கோயிலுக்குள் போனேன். முன்வரிசையில் இடம் இருந்தது, மழைக்கு ஊர்த்தெருக்காரர்கள் பாதிப் பேர் வரவில்லை. கிராதியைத் தாண்டிப் போய் உட்கார்ந்தேன். மண்டியிடுவதற்குள் உபதேசியார் வந்து தோளைத் தொட்டார். தொடவில்லை, தொடுகிற மாதிரி.

"உன் எடம் பின்னாடிப்பா."

குப்பனா சூசையா என்று கேட்கவில்லை. சான்று எதுவும் கேட்கவில்லை.